மைனி வருவதற்குள் பாத்ரூம்

அக்டோபர் 3, வெள்ளி

மழை விட்டு மூன்று நாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாத்ரூம் சுவர் மட்டும் இன்னும் ஈரம்.

காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்: "அக்காவுக்குக் கண் ஆபரேஷன். நம்ம செம்பூர்லதான் ஆஸ்பத்திரி. முடிச்சிட்டு ஒரு வாரம் இங்க வந்து இருப்பாவ. பதினாலாந் தேதி."

சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்தவில்லை. காதில் விழாத மாதிரி.

ஐரோலியில் இருக்கும் மைனி. அவருக்கு ஒரே அக்கா. என்னோடு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. காட்கோபர் கல்யாணத்தில், பந்தி முழுக்கக் கேட்க, "செல்வி வீட்டு பாத்ரூம்ல குளிச்சா அழுக்கு போவாது, கூடத்தான் ஒட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும். பாயசம் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இப்போது பாத்ரூமில் போய் நின்று பார்த்தேன். குழாய்க்கு மேல் கறுப்புப் பூஞ்சை. கூரையோரம் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. மைனி பொய் சொல்லவில்லை. அதுதான் கோபம்.

அக்டோபர் 4, சனி

பெயிண்ட் கடை. சேட்டுக்கு முப்பது வருஷமாகத் தமிழ் ஆட்களோடு வியாபாரம். அவர் தமிழில் பாதி இந்தி. கலர் கார்டு கேட்டேன், தரவில்லை.

"கலர் பாத் மே, அப்புறம், அக்கா. முதல்ல ப்ரைமர் சொல்லு."

அடியில் பூசும் அந்த ப்ரைமர் வேண்டாம், பெயிண்டையே இரண்டு தடவை அடித்துக்கொள்கிறேன் என்றேன்.

"பல் விளக்காம லிப்ஸ்டிக் போடுவியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வந்துவிட்டது.

சேட் சொன்னது:
– பழைய பெயிண்டைச் சுரண்டணும்
– பூஞ்சைக்கு ப்ளீச்சிங் தண்ணீர். பிறகு மூன்று நாள் காயணும்
– குழி இருந்தால் மட்டும் அதை அடைக்கப் புட்டி மாவு
– ஈரம் தாங்கும் ப்ரைமர், ஒரு கோட். மறுபடி காயணும்
– பாத்ரூம் பெயிண்ட், இரண்டு கோட். லேசாகப் பளபளக்கிற ரகம், தண்ணீர் தங்காது

ப்ரைமர் வாட்டர் பேஸா, ஆயில் பேஸா என்று வேறு கேட்டார். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டது என் தப்பு. தாராவியில் இரும்பு பீரோ செய்யும் காரகானாவில் வேலை. பெயிண்ட் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

"காரகானால பச்சை எனாமல் அரை டப்பா சும்மா கிடக்கு. அத அடிச்சிருவோம்."

"பீரோவுக்கு அடிக்கிறதையா?"

"பீரோவே துருப்பிடிக்கல. உன் சுவரு துருப்பிடிச்சிருமாக்கும்?"

வாட்டர் பேஸ். நானே முடிவு செய்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சுரண்டல். அவர் பத்து நிமிஷம், நான் நாலு மணி நேரம். தலை, மூக்கு, ரவிக்கைக்குள் எல்லாம் சுண்ணாம்புப் பொடி. பிறகு ப்ளீச்சிங். கண் எரிச்சல். இனி சுவர் காயும்வரை குளியல் எதிர்வீட்டு மராட்டி அம்மா வீட்டில், வாளியும் துண்டுமாக. நல்ல மனுஷி. ஆனால் இன்றைக்கே மூன்று தடவை வாசலில் நிறுத்தி "ஜாலா கா?", முடிந்ததா, என்றுவிட்டார். முடியவில்லை அம்மா. முடியவே முடியாது போல இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

நேற்று ப்ரைமர். சுவர் வெள்ளை வேட்டி கட்டிய மாதிரி. இன்று ஒருவழியாகக் கலர் கார்டு. வெள்ளையிலேயே ஒரு பக்கம் முழுக்க. பால் வெள்ளை, முத்து வெள்ளை, மோர் வெள்ளை. எனக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

வெள்ளை அடித்தால் பொட்டு அழுக்கும் மைனிக்குத் தெரியும். அடர்த்தியாக அடித்தால், அழுக்கை மறைக்கிறாள் என்பார். பாத்ரூம் லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் யோசனை. என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்கூடப் புடவைக்கு இவ்வளவு யோசிக்கவில்லை.

கடைசியில் இளநீர் நிறம். பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

நேற்றோடு இரண்டு கோட்டும் முடிந்தது. அழகு. காரணமே இல்லாமல் நாலு தடவை உள்ளே போய் வந்தேன்.

சாயங்காலம் காய்கறி வாங்கித் திரும்பினால், பாத்ரூம் கதவு கிளிப்பச்சை. அவர் கையில் பிரஷ்.

"கதவு மட்டும் பாவமா நின்னுச்சு."

வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கதவுக்கு நேராக ஃபேனை வைத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மைனி வந்தாச்சு. பெரிய கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். அவ்வளவுதான்.

இவர் சும்மா இருக்க வேண்டியதுதானே. "ஏக்கா, பாத்ரூம பாத்தியா? எப்படி இருக்கு கலரு?"

"கறுப்புக் கண்ணாடியில சூரியனே கறுப்பாத்தான் தெரியுது. இதுல கலரு வேறயா."

சுரண்டியது, கழுவியது, காய வைத்தது, எல்லாம் வீண். அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். வெங்காயமும் நறுக்கினேன், சந்தேகம் வராமல்.

அக்டோபர் 15, புதன்

கை இன்னும் பச்சை. எழுதியே ஆக வேண்டும்.

அவர் வேலைக்குப் போன பிறகு மைனி உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளப் போனார். நாங்கள் கதவை ஒருக்களித்தே வைத்திருந்தோம். மைனி இழுத்து இறுக்கிச் சாத்தினார். கதவு எனாமல் மேலாகத்தான் காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை. வெந்நீர் ஆவி வேறு. கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஏட்டி செல்வி, கதவு வரமாட்டேங்கு."

தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. கதவும் நிலையும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இடித்துத் திறக்கலாம். உள்ளே அவ்வளவு சின்ன இடத்தில் ஆபரேஷன் செய்த கண்ணோடு மனுஷி. இடிக்க மனசு வரவில்லை.

"மைனி, வாளியக் கவுத்திப் போட்டு உக்காருங்க. பதறாதீங்க."

தோசைத் திருப்பியை எடுத்துக் கதவு இடுக்கில் விட்டு, மேலிருந்து இஞ்சு இஞ்சாக அறுத்தேன். உள்ளே சத்தமே இல்லை. பயந்துபோனேன்.

"மைனி, இருக்கியளா?"

"இருக்கேன். கண்ணாடியக் கழட்டிட்டுச் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தோசைத் திருப்பி பாதி இடுக்கில் நின்றுவிட்டது.

"இது என்ன நிறம்ட்டி?"

"இளநீர் நிறம் மைனி."

இன்னும் இரண்டு இஞ்சு அறுத்தேன். உள்ளேயிருந்து: "அன்னைக்குப் பந்தியில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேரு சிரிக்கவும் எனக்கு நாக்கு நீண்டுட்டு."

"கண்ணாடியப் போடுங்க மைனி, டாக்டர் ஏசுவாரு" என்றேன்.

"போட்டுட்டேன். நீ மெதுவா அறு. சுவத்துப் பெயிண்ட் போயிராம."

கதவு திறந்தபோது மைனி புடவையில் பச்சை, என் முழங்கை வரை பச்சை. ஒருவரை ஒருவர் பார்த்து, வயிறு வலிக்கச் சிரிப்பு. ராத்திரி சாப்பாட்டுக்கு மைனியே எனக்கும் தட்டு வைத்து, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வெடிச் சத்தத்தில் ஐந்து மணிக்கே விழிப்பு. அவருக்கு எண்ணெய் தேய்த்து விட்டேன். மைனிக்குத் தலைக்கு ஊற்றக்கூடாது. ஆனாலும் எழுந்து, கறுப்புக் கண்ணாடியோடு பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் உள்ளே போனதும் மைனியின் குரல், மராட்டி அம்மா வீடு வரை:

"ஏலே! எண்ணெய்க் கைய சுவத்துல வச்சே, வெளிய வரவே விடமாட்டேன்!"