பேசாத சீவாளி

கோவிந்தாபுரம்
10.3.2024

அன்புள்ள பூமாரிக்கு,

ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டிப்பெரியாருக்கு பஸ் ஏறிவிட்டாய். போனிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். எனக்குக் காய்ச்சல் வந்த அன்று கொல்லங்கோட்டுக் கல்யாணத்தில் தனியாக வாசித்தாய், பேரும் வாங்கினாய். தவில் கௌசிக் வீடியோ காட்டினான். ஒரு நாள் கைதட்டலுக்கே இவ்வளவு தலைக்கனமா? சித்திரைத் தேருக்கு நம் ஜோடி நாதஸ்வரம்தான். அண்ணன் வீட்டில் சீராடியது போதும், வந்து சேர்.

உன்
ரத்தினசாமி

வண்டிப்பெரியார்
16.3.2024

திரு. ரத்தினசாமி அவர்களுக்கு,

அன்று கல்யாணத்துக்கு அவசரத்தில் உங்கள் சீவாளிப் பெட்டியைத் தூக்கிப் போய்விட்டேன். அந்த நாணல் துண்டை நாதஸ்வர நுனியில் மாட்டி ஊதினால், நாக்கு தட்டிய ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெறித்து விழுந்தது. நாக்கால் தட்டி வாசிக்கும் துத்துகாரம் என் வாயிலிருந்து அப்படி வந்ததே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பேருடையதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உங்களுடையது நுனியில் வெங்காயத் தோல் மெல்லிசு. எனக்கென்று நீங்கள் தேர்ந்து கொடுத்ததெல்லாம் தடிக்கட்டை. நான் நாக்கால் தட்டி, அது அசைவதற்குள் அடுத்த ஸ்வரம் வந்துவிடும்.

"உன்ற ஊட்டுக்காரிக்கு நாக்கு கொழகொழங்குதே" என்று ஊரார் சொன்னபோது பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். முக்கி முக்கி ஊதி உதட்டில் ரத்தம் கட்டினால் நெய் தடவி விட்டீர்கள். ஒன்பது வருஷம்!

ஒவ்வொரு சீவாளியையும் முதலில் உங்கள் வாயில் ஊறவைத்து ஊதிப் பார்த்துத்தானே தருவீர்கள்? பேசாது என்று தெரிந்துதானே தந்தீர்கள்? புருஷன் எச்சில்தானே என்று வாங்கி வாயில் வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலே குமட்டுகிறது.

பூமாரி

கோவிந்தாபுரம்
24.3.2024

அன்புள்ள பூமாரிக்கு,

இனி மறைப்பதற்கில்லை. கல்யாணமான வருஷமே தெரிந்துவிட்டது, உன் நாக்கு என்னுடையதைவிடச் சுத்தம் என்று. நீ முந்திப் போய்விட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்? ஜோடி பிரியக்கூடாதே என்று கொஞ்சம் பிடித்து வைத்தேன், அவ்வளவுதான். உன்னைக் கெடுக்க நினைக்கவில்லை.

இத்துடன் நுனி மெலிந்த நல்ல சீவாளி பத்து அனுப்பியிருக்கிறேன். பத்தையும் நானே வாயில் வைத்துப் பதம் பார்த்துவிட்டேன். கோபத்தை விட்டுவிட்டு வா.

உன்
ரத்தினசாமி

வண்டிப்பெரியார்
2.4.2024

திரு. ரத்தினசாமி அவர்களுக்கு,

பார்சல் வந்தது. பத்திலும் உங்கள் வெற்றிலைக் கறை. தொடவே அருவருப்பாக இருந்தது. அண்ணி இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டார். என் நாக்குக்கு ஏற்ற சீவாளியை இனி நானே வாங்கி நானே ஊறவைத்துக்கொள்வேன்.

கோயில் கமிட்டியார் நேற்று என்னை போனில் கூப்பிட்டார்கள். தேருக்கு வாசிக்க ஒப்புக்கொண்டேன். "உங்க ஊட்டுக்காரரும் கூட வருவாருங்களா?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வாய் கூசியது. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். தேர் அன்று வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள்.

பூமாரி