இரட்டைக் குழல் துவக்கும் நீ சொன்ன தம்பியும்

இன்று காலை பியர்பொன்ட்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரன் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேட்டைத் துவக்குக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். குப்பை வாளியை வீதிக்கு இழுத்துப் போன நான் அந்த மணத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நீ செத்துப் போய் இன்னும் ஒரு பனிக்காலம்கூட ஆகவில்லை. நம்முடைய பழைய அறையில், மீன்குழம்பு வாசனையையும் மீறிக்கொண்டு, ஒருகாலம் இதே மணம் இருந்தது.

அந்த எண்பதுகளில், பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் எந்த ஊர் என்று கேட்பான். எந்த ஆயுத இயக்கம் என்று கேட்கமாட்டான். ஆனால் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பான். நீ மட்டக்களப்பு, நான் வடமராட்சி. இருவருக்கும் ஒரே வயது, அகதி வழக்கும் இருவருக்கும் முடியாமல் கிடந்தது. நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். நீ ஓர் இரும்புப் பட்டறையில் கடைசல் வேலை செய்தாய். சனிக்கிழமைகளில் பட்டறை பூட்டிய பிறகும் நீ அங்கே நின்றாய். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்" என்பாய். எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள், போர்வையில் சுற்றிய நீளமான பொருளொன்று உன் கட்டிலுக்குக் கீழே வந்து சேர்ந்தது.

நீ குளிக்கப் போன நேரம் அவிழ்த்துப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல். அடியில், முன்னும் பின்னும் இழுக்கிற மரப்பிடி. கடையில் வாங்கிய சாமான் அல்ல. அரம் போட்ட தடம் தெரிந்தது. யாரைச் சுடப்போகிறாய் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. போலீஸ் வந்தால் நம் இருவருடைய வழக்கும் அன்றோடு சரி என்பது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து நான் முதுகைச் சுவருக்குக் கொடுத்துத்தான் படுத்தேன்.

ஒரு ஞாயிறு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நீயாகவே சொன்னாய்: "மச்சான், அது என்ட இல்ல. முதலாளிக் கிழவன்ட. பெண்சாதி கண்டா எறிஞ்சிருவாளெண்டு என்னட்டத் தந்து வச்சவர். இண்டைக்கு வெடி வச்சுப் பாக்கப் போறம். நீயும் வா."

நான் நம்பவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் பயமாக இருந்தது. கிழவருடைய பிக்கப்பில் மூவரும் முன்னால் நெருங்கி இருந்தோம். நீங்கள் இருவரும் பிரெஞ்சில் கதைத்தீர்கள். எனக்குத் தெரிந்தது பொன்ஜூரும் மெர்சியும்தான். வீடுகள் குறைந்து, அறுத்த சோளக் காடுகள் தொடங்கின. ஆளில்லாத இடத்துக்கு என்னை எதற்குக் கூட்டிப் போகிறான் என்று உன் முழங்காலையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கிழவருடைய பண்ணைக்குப் பின்னால் ஒரு மணல் குழி. வாத்து வேட்டைக்கென்று அவர் கனவு கண்டு வரைந்த துவக்காம். நீ கடைந்து கொடுத்திருக்கிறாய். தோளில் வைத்துத் தானே சுடவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். நீ விடவில்லை. துவக்கை ஒரு டிராக்டர் டயரில் வரிந்து கட்டி, விசையில் நீளக் கயிறு போட்டு, எங்களை விறகு அடுக்குக்குப் பின்னால் இருத்தினாய். அவர் சிரித்தார். நீ இழுத்தாய். முதல் வெடி நன்றாகவே வெடித்தது. கிழவர் கைதட்டிக்கொண்டு துவக்கை எடுக்கப் போனார். நீ அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாய். அவர் உதறினார், ஏசினார். உன்னைக் கோழை என்கிறார் என்பது முகத்திலிருந்தே எனக்கு விளங்கியது. நீ விடாமல் என்னிடம் தமிழில் சொன்னாய்: "ஒண்டு நல்லா வெடிச்சா மற்றதும் அப்பிடித்தானெண்டு நினைக்கிறார். நான் செஞ்சதை நானே நம்பமாட்டன்."

கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டு விறகுக்குப் பின்னால் வந்திருக்க, நீ மறுபடி கயிற்றை இழுத்தாய். இரண்டாவது குழலின் சத்தம் வேறாக இருந்தது. புகை கலைந்தபோது துவக்கின் பின்பக்கம் பிளந்து கிடந்தது. அதிலிருந்து தெறித்த இரும்புத் துண்டொன்று எங்கள் விறகில் ஏறி நின்றது. கிழவர் தன் கன்னத்தைத் தடவியபடி மண்ணில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே இரும்பறுக்கும் வாள் கொண்டுவந்து குழல்களை அறுத்தார். நீ பிடித்துக் கொடுத்தாய்.

திரும்பும்போது அவர் எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நான் அவிழ்த்துப் பார்த்தது உனக்குத் தெரியும் என்றாய். போர்வை வேறு விதமாகச் சுற்றியிருந்ததாம். வெளியில் யாரிடமாவது சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் என்னைக் கூட்டி வந்தாயாம். ஆக, நீயும் என்னை நம்பியிருக்கவில்லை. இரண்டாவது வெடியை எப்படிச் சந்தேகித்தாய் என்று கேட்டேன்.

"என்ட தம்பி ஒருத்தன் ஊரில இப்பிடிக் கையால செஞ்ச துவக்காலதான் போனவன். அதுவும் முதல் வெடி நல்லாத்தான் வெடிச்சது."

அதற்குப் பிறகு நீ யன்னல் பக்கம் திரும்பிவிட்டாய்.

உன் கல்யாணம், டொலார்ட்டில் நீ வாங்கிய வீடு, தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் உன் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் நான் கூட நின்றேன். அந்தக் கதையை மட்டும் நாங்கள் திரும்ப எடுக்கவில்லை. உன் செத்தவீட்டுக்கு மட்டக்களப்பிலிருந்து உன் அக்கா வந்திருந்தா. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, தம்பியை இழந்த துக்கத்தையும் நீ சுமந்தாய் என்று சொன்னேன். அவ என்னைப் பார்த்துச் சொன்னா:

"எங்களுக்கு வேற தம்பி இல்லையே. இவன் ஒருத்தன்தானே ஆம்பிளப்பிள்ள."

நான்தான் மாறி நினைத்திருப்பேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்படியானால் அந்தத் தம்பி யார்? அவன் கையில் வெடித்த துவக்கைச் செய்தது யார்? நீ செய்ததை நீயே நம்பமாட்டாய் என்று அன்று சொன்னதை வைத்து, நீதான் என்று இப்போது நினைக்கிறேன். பிழையாகவும் இருக்கலாம், கேட்க ஆளில்லை. உன் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஏசிக்கொண்டு உதறிய ஒரு மனிதனை நீ அன்று போகவிடவில்லை. இந்தச் சந்தேகத்தையும் அதையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறேன், மச்சான். ஒன்றை எடுத்து மற்றதை எறிய எனக்கு ஏலவில்லை.