கோட்டுக்கு ஒரு முழம் மேலே

முகில் வந்து இளைப்பாறும் குன்றுகளுக்கு உடையவளும், தேனும் தினையும் குறையாத மலைநாட்டின் அரசியும், மூங்கில் முத்திரை தரித்தவளுமாகிய நல்லெயினி, நெடும்பொய்கை நாட்டின் கோமானும், எடுத்த உறுதி ஒருநாளும் தவறாதவர் என்று தம் கல்தூணில் தாமே எழுதி வைத்துக்கொண்டவருமாகிய வெண்திரையருக்கு விடுக்கும் ஓலை. உம் ஆறுகள் பெருகுக. உம் வயல்கள் விளைக. உம் பாலங்கள் நிற்க.

பாலங்களை ஏன் வாழ்த்தினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். எம்மை மணம் பேச நீவிர் அனுப்பிய தூதர் ஓரிச்சாத்தனார், தலைப்பாகையில் பாசியும் கக்கத்தில் பரிசுப் பேழையுமாக, நனைந்த கோழி போல எம் அவைக்கு வந்து சேர்ந்தார். எல்லையாற்றுப் பாலம் அவர் காலடியில் முறிந்ததாம். கட்டிய தச்சனைக் கரையேறிக் கேட்டதற்கு, தான் நடந்து அக்கரை சேரும்வரை பாலம் விழாது என்றே தான் ஆண்டுறுதி ஏற்றதாகவும், அது பழுதின்றி நிறைவேறியதாகவும் பணிவோடு விடை பகர்ந்தானாம்.

உம் நாட்டில் அறுவடைத் திருநாளன்று மன்னர் முதல் குடிகள் வரை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ள ஓர் உறுதி ஏற்பதும், காத்தவர் மறு ஆண்டு தூணில் வளையம் பூட்டுவதும் முன்னோர் வழக்கம். நல்ல வழக்கம்தான், எம் நாட்டில் இல்லையே என்று ஏங்கியதும் உண்டு. உம் தூணில் இனி வளையம் பூட்ட இடமில்லை என்று தூதர் பெருமையோடு உரைத்தபோது, அவ்வுறுதிகள் எவை என வினவினோம். படகின்றி ஆற்றின்மேல் நடவேன் என்று ஓராண்டு. பாகற்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்ணேன் என்று ஓராண்டு. உறங்கும்போது எவரையும் கடிந்து பேசேன் என்று ஓராண்டு. அந்த ஆண்டு மட்டும் சிறிது ஐயம் எழ, பள்ளியறைக் காவலர் சான்று சொல்லி உம்மைக் காத்தனராம்.

அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி. பகைவர் வாராத போரில் புறமுதுகு காட்டேன் என்று சூளுரைத்திருக்கிறார் உம் படைத்தலைவர். நோயற்றவரை ஒருபோதும் கைவிடேன் என்கிறார் உம் மருத்துவர். பாயசத்தில் தெரிந்தே கல் போடேன் என்று மடைப்பள்ளித் தலைவர் உறுதி ஏற்றது முதல், உம் விருந்தினர் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பந்தியிலிருந்து எழுகிறார்களாம். உம் நாட்டில் எவரும் எதிலும் தோற்பதில்லை. பாலங்கள்தாம் பாவம், விழுந்துகொண்டிருக்கின்றன.

இத்தனையும் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசி உறுதியைத் தூதர் சொன்னபோது சிரிப்பு வரவில்லை, சினம் வந்தது. வழுக்கு மரத்திலிருந்து இனி விழேன் என்று சூளுரைத்தீராம்; மரத்தின் பக்கமே போகாமல் அதைக் காத்தும் வருகிறீராம்.

எம் வேனில் விழாவுக்கு நீவிர் விருந்தினராக வந்த ஆண்டை மறந்தீரோ? இடையர்கள் ஏறும் வழுக்கு மரத்தை அண்ணாந்து பார்த்த நீவிர், பட்டு மேலாடையைத் தூதர் கையில் திணித்துவிட்டு, எவரும் அழையாமலே ஏறினீர். விழுந்தீர். மீண்டும் ஏறி, மீசை வரை எண்ணெயோடு மீண்டும் விழுந்தீர். ஊரே கைகொட்டிச் சிரிக்க, காலை எப்படி ஊன்றுவது என்று ஓர் இடையனிடம் பணிந்து கேட்டு, மறுபடியும் ஏறி, ஓர் ஆள் உயரம் எட்டி, அங்கிருந்து எம்மைப் பார்த்துச் சிரித்தீர். பிறகு விழுந்தீர் என்பது வேறு. எம் நெஞ்சு அன்றே உம்மிடம் போய்விட்டது, மறைப்பானேன்? மறு ஆண்டு விழாவில் பொழுது சாயும் வரை உம் வழி பார்த்திருந்தோம். நீவிர் வரவில்லை. அரண்மனைக்குள் அமர்ந்து உறுதி காத்துக்கொண்டிருந்தீர் என்பதை இப்போதுதான் அறிந்தோம்.

ஆதலின் எம் விடை இது. ஒருநாளும் விழாத மன்னரை யாம் மணப்பதற்கில்லை. அன்று விழுந்தவர் வருவாராயின் மணமாலை ஆயத்தமாக இருக்கும்.

மரத்தைச் சற்றே குட்டையாக்கவோ எண்ணெயைச் சற்றே குறைக்கவோ கூடுமா எனத் தூதர் குழைந்து வினவினார். கூடாது. உச்சிக்கு ஏறுமாறும் யாம் கேட்கவில்லை. அது இடையர்களுக்குக் கைவந்த கலை. அன்று உம் கை எட்டிய இடத்தில் உளியால் ஒரு கோடு கீறச் செய்து, அந்த மரத்தை மழை வெயில் படாமல் காத்து வருகிறோம். மாலை அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே கட்டப்படும்.

உமக்கு மட்டும் சுமை ஏற்றுவது முறையன்று. நீவிர் விழுகையில் சிரிக்க மாட்டோம் என்று யாமும் ஓர் உறுதி ஏற்றோம். இந்த ஓலையை எழுதுவிக்கும்போதே அது இருமுறை உடைந்தது. ஓலை எழுதுபவரே சான்று. விழாவன்று மீண்டும் முயல்வோம்.

வேனில் முழுமதி நாளில், பல்லக்கும் பட்டும் இன்றி, பழைய வேட்டி உடுத்து வருக. பாலத்தை நம்ப வேண்டா. இது மலைநாட்டு அரசியின் ஆணை. மூங்கில் முத்திரை இட்டோம். முத்திரையின் அருகே உள்ள கறை மழைநீர் அன்று. அந்த மரத்தில் எம் கையால் பூசிப் பார்த்த எண்ணெய்.