நூற்றுக்குப் பூஜ்யம்

13.2.1981

அன்புள்ள அண்ணன் சாமிதுரைக்கு, தங்கை பூவம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்றைக்கு அதற்குப் பொறுமை இல்லை. முதலில் சொல்வதைச் செய்துவிட்டு மீதியைப் படி.

சங்கத்து மூஸா பாய் மூலம் நான் கொடுத்தனுப்பினேனே, சின்ன வெள்ளை மாத்திரை, அதை இந்த நிமிஷமே சிறை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடு. நீயாக இன்னொன்று விழுங்காதே. நன்றாகக் கேட்கிறதே என்று ஒளித்தும் வைக்காதே. இத்தனை நாள் சாப்பிட்டதைச் சட்டென்று விடுவதிலும் ஆபத்து உண்டாம், எப்படிக் குறைப்பது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். மலம், சளி இரண்டையும் சோதிக்கச் சொல். வெட்கப்படாதே. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் பார்க்கச் சொல்.

திங்கட்கிழமையே தந்தி அடித்தேன். மூஸா பாய் புதன்கிழமை சிறை வாசல்வரை போனார். இந்த மாதத்துச் சந்திப்பு மனு முடிந்துவிட்டது என்று உன்னைப் பார்க்க விடவில்லை. தந்தி உன் கைக்கு வரவில்லை என்பதும் அங்கேதான் தெரிந்ததாம். மாத்திரை நிறுத்து, புழு இருக்கிறது என்று நாலு வார்த்தை அடித்தால் யாருக்குத்தான் விளங்கும்? அதுவும் உபரி நிலத்தில் அறுப்பு அறுத்த வழக்கில் உள்ளே இருப்பவனுக்கு. எடுத்து வைத்துவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை ஒன்று விடாமல் எழுதுகிறேன். இதைப் படித்துப் பார்த்து உனக்கு அனுப்பும் அதிகாரிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் இருமல் உனக்குத் தெரியாததில்லை. நடவுக்கு இறங்கினால் கால் விரலிடுக்கில் அரிப்பு, அப்புறம் தொடையிலும் இடுப்பிலும் கோடு கோடாகத் தடிப்பு, மழை பிடித்துக்கொண்டால் இழுப்பு. நம் தெருவில் யாருக்கு இல்லை? சேற்றுப்புண் என்போம், சளி என்போம், வேலைக்குப் போய்விடுவோம். போன ஆடியில் அவளைக் கும்பகோணத்துக்கு, நான் வேலை பார்க்கும் லேபுக்கு, இழுத்துக்கொண்டு வந்தேன். நானே விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். நூறு வெள்ளை அணு எண்ணினால் ஈஸ்னோபில் மட்டும் இருபத்தெட்டு. நாலைந்து இருந்தாலே அதிகம். சாயம் போட்டுப் பார்த்தால் உடம்பு முழுக்கச் சிவப்புக் குருணையாக இருக்குமே, அந்த அணு.

எங்கள் டாக்டர் பஞ்சநாதன் ஈஸ்னோபீலியா இழுப்பு என்று சொல்லி அந்த ஸ்டீராய்டு மாத்திரையைப் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்தார். மலத்தையும் பார்த்துவிடும்மா, அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று அவர்தான் சொன்னார். அம்மா கேட்டால்தானே! ‘ஒன்னப் படிக்க வச்சது என் பீயப் பாக்கவாடி’ என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்தக் காலத்தில் பண்ணையில் தண்டனை என்று சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டவள் அவள். என் பெண்ணாவது இதையெல்லாம் கையால் தொடாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். உண்மையைச் சொல்கிறேன் அண்ணே, எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. ஊரார் மலத்தை முகம் சுளிக்காமல் பார்க்கிறவள், பெற்றவளுடையதைப் பார்க்கக் கூசினேன். மலம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று டாக்டரிடம் புளுகிவிட்டேன்.

மாத்திரை சாப்பிட்ட நாலாம் நாளே இழுப்பு போன இடம் தெரியவில்லை. பத்து நாள் முடிந்ததும் திரும்ப வந்தது. நானே வாங்கிக் கொடுத்தேன். டாக்டரைக் கேட்கவில்லை. மருந்துக்கடையில் என்னைத் தெரியும், சீட்டுக் கேட்கமாட்டார்கள். ஐப்பசியில் ரத்தம் எடுத்து எண்ணினேன், ஆறு. மார்கழியில் எண்ணினேன், பூஜ்யம். நூற்றில் ஒன்றுகூட இல்லை. நான் குதித்த குதியை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மா ரத்தத்தைக் கழுவி விட்டேன் என்று லேபில் ஆளுக்கொரு பாதுஷா வாங்கிக் கொடுத்தேன். கொழுப்பு, வேறென்ன? அந்த ஜோரில்தான் உனக்கும் அதையே அனுப்பினேன். உனக்கும் அதே அரிப்பு, அதே இருமல். ஒரே வயல் சேற்றில் நின்றவர்கள்தானே.

பொங்கல் கழிந்ததும் அம்மாவுக்கு வயிறு உப்பிக்கொண்டது. சாப்பிட்டது எதுவும் நிற்கவில்லை. அப்புறம் இருமல், காய்ச்சல். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே பிரகதாம்பாள் என்று ஒரு டாக்டரம்மா. செருப்பில்லாமல் வயலில் வேலை செய்தவரா என்று கேட்டார்கள். வேறு எப்படிச் செய்வார்கள், செருப்பு போட்டுக்கொண்டா நாற்று நடுவார்கள் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். ஆறு மாதமாகக் கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. உடனே சளி எடுக்கச் சொன்னார்கள். நீயும் லேபில் இருப்பவள்தானே, வந்து பார் என்று மைக்ராஸ்கோப்பில் என்னையே குனிய வைத்தார்கள்.

சளியில் அண்ணே! மலத்தில் புழு இருந்தால் நான் பயப்படமாட்டேன், தினம் பார்க்கிறேன். இது சளி. ஒரு சொட்டில் ஏழெட்டு, பொடிப்பொடியாக, உயிரோடு, சாட்டை சொடுக்குகிற மாதிரி துள்ளிக்கொண்டு இருக்கிறது. ஐயோ என்று கத்திவிட்டேன். கண்ணாடித் தகட்டை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். மாற்றவில்லை. அம்மாவுடையதுதான்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். சேற்றில் கிடக்கும் அந்தப் பொடிப்புழு உள்ளங்கால் தோலைத் துளைத்து ஏறுகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், இருமலில் தொண்டைக்கு வந்து, விழுங்கும்போது குடலுக்கு இறங்கிக் குடியிருக்கிறது. மற்றப் புழுக்கள் வயதானால் சாகும், அதோடு சரி. இதன் குஞ்சுகளில் சில வெளியே போகாமல் அதே குடலைத் துளைத்துக்கொண்டு மறுபடி சுற்றி வரும். முப்பது வருஷமானாலும் அற்றுப்போகாது. நீ வயலை விட்டு இரண்டு வருஷமாயிற்று என்பதால் உனக்கு இருக்காது என்று நினைத்துவிடாதே.

உடம்பு சும்மா விடுவதில்லை. அந்த ஈஸ்னோபில் இதற்கென்றே பெருகுகிறது. துளைத்து வரும் குஞ்சுகளை மொய்த்துக்கொண்டு, தன் சிவப்புக் குருணையை அதன்மேல் கொட்டிக் கொல்கிறது. குடல் தன் பங்குக்குக் கோழையைச் சுரந்து வழுக்கித் தள்ளுகிறது. அடியோடு ஒழிக்க முடியாது, ஆனால் தலைதூக்க விடாது. அம்மாவின் உடம்பு இத்தனை வருஷம் இப்படிக் காவல் காத்திருக்கிறது. அரிப்பு, தடிப்பு, இழுப்பு எல்லாம் அந்தச் சண்டையில் வந்தவைதான்.

நான் கொடுத்த மாத்திரை புழுவை ஒன்றும் செய்யவில்லை, காவலைத்தான் கலைத்தது. சண்டை நின்றதால் இழுப்பு நின்றது. பூஜ்யம் என்று நான் பாதுஷா கொடுத்தேனே, காவலுக்கு ஓர் ஆள்கூட மிச்சமில்லை என்று அர்த்தம் அதற்கு. படித்தவள் நான், எனக்கு அது தெரியவில்லை. புழு ஆயிரம் ஆயிரமாகப் பெருகிவிட்டது. வரப்பில் நண்டு வளை போட்டால் தண்ணீர் கசியுமே, அதுபோலக் குடலில் இருக்கிற கிருமியெல்லாம் அந்தத் துளை வழியே ரத்தத்தில் இறங்கிவிட்டது.

இப்போது உன் போன வாரத்துக் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். அரிப்பு அடியோடு நின்றுவிட்டது, மாத்திரை பிரமாதம், வயிறு மட்டும் கொஞ்சம் உப்பலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. உனக்கு இன்னும் நாள் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்கிறார்கள் டாக்டரம்மா. ஒரு நாளும் தள்ளாதே.

அம்மாவைக் கேட்பாய். புழு மருந்து திங்கட்கிழமையே தொடங்கினார்கள். பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. இப்போது காய்ச்சல் இல்லை. இழுப்பு இல்லை, இருமலும் நின்றுவிட்டது. அமைதியாகப் படுத்திருக்கிறாள். புதன்கிழமை நினைவோடு இருந்தபோது, தம்பி வேளாவேளைக்குச் சாப்பிடுறானா என்று கேட்டாள். சாப்பிடுகிறான் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன்னைவிடச் சின்னவள், வாழ்த்தக்கூடாது. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், பிழைத்திரு.

உன் தங்கை,
பூவம்மாள்


சிறைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு, கைதி சாமிதுரையின் தங்கை பூவம்மாள் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இந்தத் தாள் உங்களுக்கு மட்டும். மற்றக் கடிதத்தோடு என் அண்ணனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் அம்மா காத்தாயி நேற்று வியாழக்கிழமை காலை இறந்துவிட்டார். மாலையிலேயே நன்னிலத்துப் பக்கம் எங்கள் ஊரில் அடக்கம் செய்துவிட்டோம். மகன் செய்ய வேண்டியதைத் தெருவில் ஒருவர் செய்தார். அண்ணனுக்குத் தந்தி கொடுக்கக் கூடாது என்று தடுத்தது நான். நீயெல்லாம் ஒரு பெண்ணா என்று தெருவே கேட்கிறது. கேட்கட்டும்.

எங்கள் அப்பா இறந்தபோது அவனுக்குப் பரோல் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் சோற்றைத் தொடவில்லை. சிறைப் பதிவில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அம்மா என்று தெரிந்தால் அதையேதான் செய்வான். வயிற்றில் புழுவையும் ரத்தத்தில் அந்த மாத்திரையையும் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் தாங்கமாட்டான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். சிறை டாக்டருக்கு அவர்கள் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை என்று அவனுக்கு எழுதியதெல்லாம் மெய்தான் ஐயா. ஏன் இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

உபரி நிலம், பண்ணை என்று வரும் வரிகளை உங்கள் விதிப்படி அடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. மாத்திரையும் மலச் சோதனையும் வரும் வரிகளை மட்டும் தொடாதீர்கள். அவன் பிடிவாதக்காரன், காரணம் புரியாமல் மாத்திரையைக் கொடுக்கமாட்டான்.

மூஸா பாய் நாளைக் காலை இதை உங்கள் ஆபீசில் கொடுத்துவிட்டு வாசலிலேயே இருப்பார். காரியம் முடிந்ததும் நானும் வந்துவிடுவேன். அவனுக்கு மருந்து கொடுத்துப் புழு இல்லை என்று சோதனை சொல்லும்வரை அம்மாவைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். சோறு தின்கிற மனுஷனாக அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். அப்புறம், உன் அம்மாவைக் கொன்றவள் நான்தான் என்று அவன் முகத்தைப் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கா. பூவம்மாள்