சிவப்பு மருந்து எத்தனை முறை

மார்ச் 3

ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்த வருஷம். பெரிய மகளுக்குக் கல்யாணம் ஆனதும் அப்போதுதான். அந்த வருஷம் என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து, சிவப்பு மருந்து ஏற்றினார்கள். இருபத்தாறு வருஷம் கழித்து இப்போது நுரையீரலில். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சின்ன மகள் எழுதுகிறாள்.

மார்ச் 5

டாக்டரம்மா விளக்கினார். புற்று அணு ஒன்று இரண்டாகப் பிரிந்துதான் பெருகுமாம். அதற்கு முன்னால் தன்னைப் போலவே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுமாம். சிவப்பு மருந்து நடுவில் போய்ச் செருகிக்கொண்டு அந்த நகலைக் கெடுத்துவிடும், அணு செத்துவிடும். தலைமுடியும் வேகமாக வளர்வதால் அதற்கும் அதே கதியாம்.

"ஆனா இதயத்தையும் கெடுக்கும். ஆயுசுக்கே இவ்வளவுதான்னு அளவு இருக்கு. முன்ன ஆறு தடவைன்னா இன்னும் மூணு தரலாம். எட்டுன்னா தொடவே மாட்டேன்."

பழைய ஆஸ்பத்திரியே இப்போது இல்லை. கோப்புக்கு எங்கே போவது?

"எட்டு," என்றாள் மனைவி.

"ஆறு," என்றேன்.

"மருந்து ஏத்திக்கிட்டது நானா நீங்களா?"

மார்ச் 6

அவள் சொல்வதும் பொய்யில்லை. எட்டு முறை போனோம். எட்டு முறையும் பாட்டில் தொங்கியது. அப்புறம் நான் ஏன் ஆறு என்கிறேன்? தப்பாகச் சொல்லி, அவ நெஞ்சு நின்னுபோச்சுன்னா?

மார்ச் 7

பல் தேய்க்கும்போது பிடிபட்டது. மருந்து ஏறிய அன்று மூத்திரம் சிவப்பாகப் போகும். எழ முடியாதவளுக்குப் பாத்திரம் பிடித்தவன் நான். சுவருக்குப் பெயின்ட் அடித்தே பிழைத்தவன், நிறத்தில் ஏமாற மாட்டேன். ஆறு முறை சிவப்பு. இரண்டு முறை வெறும் மஞ்சள் – ரத்த அணு குறைந்துவிட்டது என்று குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "இதையுமாப்பா எழுதணும்?"

"இதைத்தாம்மா எழுதணும்."

மார்ச் 8

முதலாவது, பள்ளிக்கூடச் சுவர் அடித்த வாரம். இரண்டாவது, வங்கி மாடிப்படி. இப்படி ஆறையும் சொன்னேன். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சரியாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஸ்கேனிலும் இதயம் நன்றாகவே இருந்ததாம்.

"இத்தனை வருஷமா இதையெல்லாமா மனசுல வச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி.

"வேற எங்க வைக்கிறது? எழுதவா தெரியும்?"

மார்ச் 12

முதல் மருந்து. சாயங்காலம் சிவப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மே 20

மூன்றும் முடிந்தன. கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழைய ஆஸ்பத்திரி வார்டில் கூட இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். ஜன்னலோரத்துத் தையல்காரி அந்த வருஷமே போய்விட்டாள். டீச்சர் ஏழு வருஷம் இருந்தார். வைத்தியம் பார்த்த டாக்டரும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருப்பது ஒருத்திதான் – மொட்டைத் தலையோடு அடுத்த அறையில் உட்கார்ந்து, டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.