உன்னை உட்கார வைத்தது நான்

விடைத்தாள் திருத்தச் சிவப்புப் பேனா தேடினேன். மேசை இழுப்பறையில் உன் இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின் கிடந்தது. பொத்தானை அழுத்தினேன். உன் கடைசி அளவை இன்னும் வைத்திருந்தது. பார்த்துவிட்டு மூடினேன். அழுகை வரவில்லை. நீ போய்ப் பதினொரு மாதமாகிறது, எனக்கு எதுவும் வருவதில்லை. சோறு இறங்குகிறது, தூக்கம் பிடிக்கிறது, பள்ளிக்கூடம் போகும் லிந்துலை பஸ்ஸைக்கூட ஒருநாளும் தவறவிட்டதில்லை.

போன வாரம் உயர்தர வகுப்புக்குப் பாடம் தயாரிக்கும்போது ஒரு கட்டுரை படித்தேன். தசை என்றால் சுருங்கும், எலும்பை இழுக்கும் என்றுதானே இத்தனை வருடமும் கரும்பலகையில் எழுதினேன்? அது மட்டுமில்லையாம். வேலை செய்கிற தசை சில புரதங்களை இரத்தத்தில் விடுகிறதாம். அவை கொழுப்புக்குச் செய்தி கொண்டுபோய், சேர்த்து வைத்ததை எரிக்கச் சொல்லக்கூடுமாம். எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தது. உறுதியில்லை என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன்.

தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் உன் பேரை வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதியது நான்தானே. மலையேறிக் கொழுந்தெடுத்தவளை உட்கார வைத்துச் சோறு போடுவது, எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய அன்பு தெரியாது. தோட்டத்து லயத்து அறையிலிருந்து என் வாத்தியார் குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்று பெண்கள் எல்லாம் "குடுத்து வச்சவடி நீ" என்றார்கள். நீயும் சிரித்தாய். ஒரு வருடத்தில் வளையல் இறுகியது. மூன்றாம் வருடம் சீனி வியாதி என்றார்கள்.

"ஒக்காந்தே இருந்தா ஒடம்பு மரத்துப் போவுதுங்க. கீழ கடை வரைக்கும் நடந்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாய்.

"வாத்தியார் பொண்டாட்டி ரோட்டுல சும்மா நடந்தா நாலு பேரு என்னா நெனப்பாங்க? த்ரீவீலப் புடிச்சுப் போ" என்றேன். பெரிய மரியாதை, மண்ணாங்கட்டி. ஆறாம் வருடம் உன் நெஞ்சு நின்றுபோனது.

நேற்று அந்தப் பாடத்தை நடத்தினேன். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை எழுந்தாள். அவளுடைய அம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறார்.

"அப்ப எங்கம்மா வேலைய விடக் கூடாதுங்களா சேர்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டைக் கடியும் முழங்கால் வலியும் பார்த்து வளர்ந்தவன், கூடையைத் தூக்கு என்று யாரிடம் சொல்வேன்?

"விடட்டும்மா, தாராளமா விடட்டும்" என்றேன். "அதுக்கப்புறம் என்னா செய்ய ஆசன்னு அவங்கக்கிட்டயே கேளு."

சொல்லிவிட்டு, எழுதாத கரும்பலகையை அழித்துக்கொண்டு நின்றேன். உன் ஆசை எனக்குத் தெரியாததா? ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் நாற்று நட மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் வேர்வை, வாயில் பாட்டு வேறு. "இதெல்லாம் ஒனக்கு எதுக்கு? ஆள் வச்சிக்கலாம், குடு" என்று மண்வெட்டியைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது. "சரிங்க" என்று கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாய்.

அந்தச் "சரிங்க" என்னோடுதான் இருக்கிறது. வேறு எதுவும் உறைக்கவில்லை, அது மட்டும் உறைக்கிறது. நீ சண்டை பிடித்திருக்கலாம். நான் தோற்றுப் போயிருப்பேன், சத்தியமாக.