ரிவர்ஸ் விழாத நீல வண்டி

அன்புச் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. அப்பா இனி கார் ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஓரப் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். மனிதர் சாவியை என் கையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான், ஒன்பது நாள் பேச்சே இல்லை, எதைக் கேட்டாலும் ‘ம்’, அவ்வளவுதான். பதறாதே, மேலே படி.

அவரை அப்படிப் பார்க்கப் பார்க்க எனக்கு என் முதல் கார் ஞாபகமே வந்துகொண்டிருந்தது. உனக்குச் சொன்னதில்லை. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தலைமை நர்ஸ் ஓட்டித் தேய்த்த நீல வண்டியை வாங்கினேன். மழையில் ஒரு வைப்பர்தான் ஆடும். வெயிலில் சீட்டு சூடேறி ஒரு வாசனை வரும், இப்போதும் கண்ணை மூடினால் வருகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் மரநிழல்கள் ஒவ்வொன்றாக மடியில் விழுந்து ஓடும், மிதப்பது போலிருக்கும். ஒரே குறை, ரிவர்ஸ் கியர் விழாது. நேராகவே வெளியேறும் இடமாகப் பார்த்துத்தான் நிறுத்துவேன். “மேடம் பக்கத்து வீட்டுக்குப் போகணும்னாலும் ஊரையே சுத்திட்டுத்தான் போவாங்க” என்று கூடத்தில் கேலி செய்வார்கள். ஒரு சனிக்கிழமை வழி தவறி முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டேன். கோடியில் ஒரு ஒர்க்‌ஷாப். கிரீஸ் கையோடு வெளியே வந்த மெக்கானிக், “பின்னாடி போகாத வண்டிய எந்த தைரியத்துலங்க ஓட்டுறீங்க?” என்று கேட்டுவிட்டுத் தனியாளாகத் தெருமுனைவரை பின்னோக்கித் தள்ளினார். அவர்தான் உன் அப்பா. ரிவர்ஸ் கியருக்கு ஒரு பாகம் வரவேண்டும், சனிக்கிழமை வந்து கேளுங்கள் என்றார். ஐந்து மாதம், ஒரு வாரம்கூடத் தவறாமல் போனேன். “இன்னும் வரலைங்க” என்பார், தள்ளுவார். நான் திரும்பிப் பின்னால் பார்த்து ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் முன்கண்ணாடி வழியே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். “பின்னாடி பாருங்க, பின்னாடி பாருங்க” என்று கத்துவார். கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அந்தப் பாகத்தை மாட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை, இருபது வருஷம் கழித்து நான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். அவரையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். ஆற்றோரச் சாலையில் மெல்லப் போகும்போது, இத்தனை வருஷம் மறைத்ததைச் சொன்னேன்: வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து கேட்டிருக்கலாம், வேண்டுமென்றேதான் சந்துக்குள் ஓட்டி வந்தேன் என்று. தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினார். பிறகு, “அந்தப் பாகம் ரெண்டாவது வாரமே வந்துடுச்சு. மேஜை டிராயர்லதான் கெடந்துச்சு” என்றார். சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அன்றிலிருந்து பேசுகிறார், பேச்சு என்ன பேச்சு, “இண்டிகேட்டரப் போடு, பிரேக்க மிதிக்காத” என்று என் உயிரை வாங்குகிறார்.

லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. ஆனால் இந்தக் கண் கோளாறு பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாமாம், இந்த மாதமே கண்ணைக் காட்டிவிட்டு எனக்கு எழுது, சாக்கு சொல்லாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக நீடூழி வாழ வேண்டும். நீ வரும்போது விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டி வருவேன். அப்பா முன்சீட்டில் இருப்பார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா